1958 ஒஸ்கார் இரவை வீட்டு முற்றத்தில் நடத்துவது எப்படி

பழைய ஒஸ்கார் இரவு ஒன்றை வீட்டில் நடத்திப் பார்க்க ஆசையென்றால் 1958ஐ எடுங்கள். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடையாது. அன்றைக்கு ஆக அதிக விருது அள்ளிய படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. இந்தியா முதன்முதலாக அனுப்பிய படம் போட்டியில் நின்றதும் அதே இரவில்தான். எல்லாவற்றையும் விட, அந்த வருடம் தோற்றவர்களின் பட்டியல் வென்றவர்களின் பட்டியலுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு முற்றத்தில், என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி இதை நடத்தி வருகிறேன். மூதூரில் வாசிகசாலை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பழைய மாணவி ஒருத்தி, "ரீச்சர், எப்படிச் செய்வது என்று எழுதித் தாங்களேன்" என்று கேட்டாள். அவளுக்கு எழுதியதுதான் இது.

முதல் விதி: யார் வென்றார் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. "ஒஸ்கார் வென்ற படம்" என்று அழைத்தால் வந்து பார்த்து, தலையாட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பரிந்துரைப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்தால் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நாள் பார்ப்பது சுலபம். விழா நடந்தது 1958 மார்ச் 26, ஹொலிவூட்டில். மார்ச் கடைசியில் இங்கே மழை ஓய்ந்திருக்கும், கச்சான் காற்று தொடங்கியிராது. ஜூன், ஜூலையில் முற்றத்தில் திரை கட்டினால் துணி பாய்மரம் மாதிரி உப்பிவிடும். பங்குனி என்பதால் கோயில் திருவிழா நாட்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: விழா 1958இல் நடந்தாலும் போட்டியிட்டவை 1957ஆம் ஆண்டுப் படங்கள். தாளில் இரண்டு ஆண்டையும் எழுதாவிட்டால், விபரம் தெரிந்த தம்பி ஒருவர் எழும்பி உங்களைத் திருத்தத் தொடங்குவார்.

வெள்ளைச் சீலை, இரவல் புரொஜெக்டர், கதிரைகள், நுளம்புச் சுருள், அவித்த கச்சான். இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பட்டியல்தான் முக்கியம். இருபது அளவில் பிரிவுகள் இருந்தன, எல்லாவற்றையும் எடுத்தால் விடிந்துவிடும். சிறந்த படம், நடிகர், நடிகை, துணை நடிகர், துணை நடிகை, பிறமொழிப் படம் ஆகிய ஆறு போதும். இயக்குநர் பிரிவை நான் சேர்ப்பதில்லை. அந்த வருடம் சிறந்த படத்துக்கு நின்ற ஐந்து படங்களின் இயக்குநர்களேதான் அங்கும் நின்றார்கள்.

அந்த ஐந்து படங்கள்: 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்', '12 ஆங்ரி மென்', 'பேட்டன் பிளேஸ்', 'சயோனாரா', 'விட்னஸ் ஃபோர் த புரொசிகியூஷன்'. தாளில் பெயர்களை இப்படியே அடுக்கிக் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் ஏறாது. ஒவ்வொன்றுக்கும் இங்குள்ளவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கொழுக்கி வேண்டும். குவாய்க்கு அது தானாகவே இருக்கிறது: பாலம் கட்டப்பட்டது கித்துல்கலவில், களனி கங்கைக்குக் குறுக்கே. படத்தில் வரும் இராணுவ மருத்துவமனை மவுண்ட் லவினியா ஹோட்டல். பேராதனைப் பூங்காவும் வருகிறது. இதைச் சொன்னதும் சுற்றுலா போன பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நடிகர் பிரிவில் அன்ரனி குவின் பெயர் வரும்போது, "லிபிய விடுதலைப் போராளி ஒமர் முக்தாராக நடித்தவர்" என்று மட்டும் சொல்லுங்கள். கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் படம் பார்க்காமலே அவருக்கு வாக்களிப்பார்கள். அலெக் கின்னஸ் பெயரைச் சொன்னால் பெரியவர்களுக்குத் தெரியாது. 'ஸ்டார் வோர்ஸ்' தாத்தா என்றால் பொடியன்கள் கத்துவார்கள். மற்ற மூவர் மார்லன் பிராண்டோ, சார்ள்ஸ் லோட்டன், அன்ரனி பிரான்சியோசா. லோட்டனின் மனைவி எல்சா லான்செஸ்டரும் அதே படத்துக்காகத் துணை நடிகைப் பிரிவில் நின்றார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். புருஷன் பெண்சாதி இருவரும் பட்டியலில் என்றால் மாமிமார் வாக்கு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

எதைக் காட்டுவது? குவாய் 161 நிமிடம். முழுதாகப் போட்டால் மூதூர், கிண்ணியா ஆட்கள் வீடு போய்ச் சேர்வது கஷ்டம். முழுதாகக் காட்ட வேண்டியது '12 ஆங்ரி மென்'. 96 நிமிடம், கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறைக்குள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனைப் பற்றி ஜூரிகள் பன்னிரண்டு பேர் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் யார் எந்தப் பக்கம் என்பது முகத்திலேயே புரிந்துவிடும். மற்றவற்றிலிருந்து ஐந்தைந்து நிமிடத் துண்டு போதும். 'பேட்டன் பிளேஸ்' துண்டை விட்டாலும் குறையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு கூடையைச் சுற்ற விட்டுச் செல்போன்களை வாங்கிக்கொள்ளுங்கள். இதில் வயதுபேதம் பார்க்க வேண்டாம், களவு பிடிபடுவது பெரும்பாலும் மாமாமார்தான். கொப்பித் தாளை நான்காகக் கிழித்து, ஆறு பெயர் எழுதச் சொல்லுங்கள். சரியான விடைக்கு ஒரு புள்ளி.

முடிவு சொல்லும் வரிசையில்தான் இரவு நிற்கும், விழும். பிறமொழிப் படத்தில் தொடங்குங்கள். இங்கே அத்தனை பேரும் 'மதர் இந்தியா' என்று எழுதியிருப்பார்கள், நர்கிஸை விட்டுக்கொடுக்க ஆளில்லை. வென்றதோ இத்தாலியின் 'நைட்ஸ் ஒஃப் கபிரியா', இயக்குநர் பெலினி. அதற்கு முந்தைய வருடமும் இதே விருது அவருடைய படத்துக்கே போனது. முதல் விடையிலேயே எல்லோரும் சறுக்கினால் கூட்டம் விழித்துக்கொள்ளும். அப்போது யாராவது, "ஒரேயொரு வாக்கில்தான் தோற்றதாம்" என்பார். அந்தக் கதையை நீங்கள் எடுத்து விடாதீர்கள். ஒஸ்கார் வழங்கும் அகாதமி வாக்கு எண்ணிக்கையை வெளியிடுவதில்லை.

அப்புறம் துணை நடிகர்கள். 'சயோனாரா'வில் கணவன் மனைவியாக வரும் ரெட் பட்டன்ஸும் மியோஷி உமெகியும் இரண்டு விருதையும் வாங்கினார்கள். நடிப்புக்காக ஒஸ்கார் வென்ற முதல் கிழக்காசியப் பெண் உமெகி. குவாயில் யப்பானியத் தளபதியாக வந்த செஸ்ஸுவே ஹயகாவா தோற்றார். எட்டுப் பரிந்துரையில் அந்தப் படம் கோட்டைவிட்டது அந்த ஒன்றை மட்டுந்தான். ஆனால் இதை இப்போதே சொல்லிவிட்டால் கடைசி உறையைப் பிரிக்கத் தேவையிருக்காது, வாயைக் கட்டுங்கள்.

நடிகைக்கு எலிசபெத் டெய்லர் என்று பாதிப்பேர் எழுதியிருப்பார்கள். டெபோரா கெர், அன்னா மக்னானி, லானா டர்னர் ஆகியோரும் நின்ற அந்தப் போட்டியில் வென்றவர் ஜோன் வுட்வேர்ட். ஒரு பெண்ணுக்குள் மூன்று பேரை நடித்துக் காட்டியவர். விழாவுக்குத் தானே தைத்த உடையோடு போனார் என்று சொன்னால் எங்கள் தெருத் தையல் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நடிகர் விருது கின்னஸுக்கு. கடைசியாகச் சிறந்த படம், குவாய்.

கைதட்டல் அடங்கியதும் திரைக்கதை விருதின் கதையைச் சொல்லுங்கள். விருது மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலின் பெயரில் போனது. திரைக்கதையை எழுதியவர்கள் கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன். கம்யூனிஸ்ட் சந்தேகத்தில் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர்கள் பெயர் திரையில் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அகாதமி அவர்கள் பெயரில் விருதைக் கையளித்தபோது இருவரும் உயிரோடு இல்லை. '12 ஆங்ரி மென்' தன் மூன்று பரிந்துரையையும் குவாயிடமே இழந்தது, திரைக்கதையும் அதில் ஒன்று. இவ்வளவு நேரம் அந்தப் படத்தைப் பார்த்திருந்தவர்களுக்கு இது நெஞ்சில் குத்தும், விவாதம் திரும்பவும் எரியும்.

இதற்குப் பிறகு ஒரு அரை மணிநேரத்தையாவது வெறுமையாக விடுங்கள். யப்பான் விமானங்கள் 1942 ஏப்ரல் 9இல் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை யாராவது தொடங்குவார். அங்கிருந்து பேச்சு, யப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வதைத்துப் போட்ட சயாம் மரண ரயிலுக்குப் போகும். குவாய் படத்தின் பாலம் அந்தப் பாதைக்குத்தான். போகாவிட்டால் நீங்களே கொண்டுபோங்கள். அந்தப் பாதையில் செத்த நேசநாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு, அவர்களில் பெரும் தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். ஏழு விருது வாங்கிய படத்தில் அவர்கள் கதை இல்லை. என் முற்றத்தில் அதிக நேரம் போவது இந்தப் பேச்சில்தான், நான் நிறுத்துவதுமில்லை.

புள்ளிகள் சமமாக வந்தால் ஒரு உபகேள்வி வைத்திருங்கள்: ஒன்பது பரிந்துரை பெற்ற 'பேட்டன் பிளேஸ்' எத்தனை விருது வென்றது? இரண்டு, மூன்று என்று எழுதுவார்கள். விடை பூச்சியம். பரிசுக்குக் கிண்ணியாத் தயிர்ச் சட்டி ஒன்று போதும். அதைத் தனியாக வீட்டுக்குக் கொண்டுபோக யாரும் விடமாட்டார்கள், கரண்டிகளை எடுத்து வையுங்கள்.