தோட்ட டிராக்டரின் சின்ன டயரை வீட்டிலேயே மாட்டிய அனுபவம்

பெரிய டயரைவிடச் சின்ன டயர்தான் அதிகம் முரண்டு பிடிக்கும். என் தோட்ட டிராக்டரின் முன்சக்கர டயர் 15×6.00-6 அளவு, அதாவது ரிம்மின் விட்டம் வெறும் 6 அங்குலம். அவ்வளவு சிறிய வட்டத்தில் ரப்பர் லேசில் வளைந்துகொடுக்காது, லிவருக்கும் பிடி கிடைக்காது.

புது டயரை நல்ல வெயிலில் போட்டுவைத்தேன், ரப்பர் இளகியது. ரிம்மின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்து, வால்வையும் மாற்றினேன். டியூப் இல்லாத டயருக்கு இவை இரண்டும்தான் உயிர். பிறகு டயரின் இரு விளிம்புகளிலும் கெட்டியான சோப்பு நீரைத் தாராளமாகப் பூசினேன். எண்ணெய், கிரீஸ் பக்கம் போகவே கூடாது, ரப்பரைக் கெடுத்துவிடும்.

சூட்சுமம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இருக்கிறது. லிவரால் ஒரு பக்கம் நெம்பும்போதே, எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கினேன். இந்தப் பக்கம் தளர்ந்து, கைக்கு வளையல் ஏறுவதுபோல் வழுக்கி ஏறியது.

அடுத்த பாடு காற்று. விளிம்பு ரிம்மை ஒட்டாததால் அடித்த காற்றெல்லாம் வெளியேறியது. சுமை கட்டும் பட்டையை டயரின் நடுவே சுற்றி இறுக்கியதும் இரு விளிம்புகளும் வெளிப்புறம் பிதுங்கின. வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டுக் கம்பிரசரை வைத்தேன். காற்று பிடித்ததும் பட்டையைத் தளர்த்தி, தள்ளி நின்றுகொண்டு, டயரில் அச்சிட்ட அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றினேன். 'டப், டப்' என்று விளிம்புகள் உட்கார்ந்தன. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி இதைச் செய்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

ஊசியை மாட்டி, கையேடு சொல்லும் அழுத்தத்தில் வைத்து, சோப்பு நீர் தெளித்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.