பழைய ஸ்பீக்கருக்குப் புது ஃபோம்: எடைக்குப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் சில வீட்டு மச்சில் இன்னும் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் பெட்டி கிடக்கும். 1980-களில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களோடு வந்து சேர்ந்தவை. “பாட்டுப் போட்டா கரகரங்குது” என்று ஓரங்கட்டியிருப்பார்கள். முன்துணியைக் கழற்றினால் காரணம் தெரிந்துவிடும். பெரிய கோனை, அதாவது சத்தம் எழுப்ப முன்னும் பின்னும் அசையும் கூம்பைச் சுற்றி இருந்த ஃபோம் வளையம் தொட்டாலே பொடியாக உதிரும். பாலியூரித்தேன் ஃபோம் ஈரக்காற்றிலும் வெயிலிலும் 15, 20 வருஷத்தில் இற்றுப்போகிற பொருள். காந்தமும், கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலும், கோனும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்தப் பெட்டியை எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் காயில் உயிரோடு இருக்கிறதா?

ஸ்பீக்கரைக் கழற்றி, வயர்களை எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6, 7 ஓம் காட்டும். அது சரிதான், பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. அப்படியானால் ஊர் மைக் செட் அண்ணாச்சியிடம் கொண்டுபோங்கள், காயில் கட்டித் தருபவரை அவருக்குத் தெரிந்திருக்கும். சித்திரையிலும் ஆடியிலும் போகாதீர்கள். கோயில் கொடைக் காலத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது.

ஸ்குருவைக் கழற்றும்போது காந்தம் ஸ்குரு டிரைவரை இழுக்கும். நுனி நழுவினால் நேராகக் கோனில்தான் போய்க் குத்தும். ஒரு கையால் கோனை மறைத்துக்கொண்டே கழற்றுங்கள்.

வளையம் வாங்குவது

“8 இன்ச் ஃபோம்” என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. 8 இன்ச் என்பது கோனைத் தாங்கும் சட்டத்தின் அளவு, உள்ளே கோன் ஒவ்வொன்றுக்கும் மாறும். கோனின் குறுக்களவு, சட்டத்தில் ஃபோம் ஒட்டும் தட்டைப் பகுதியின் உள்ளளவு, வெளியளவு, மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு ஆன்லைனில் தேடுங்கள். பழைய ஃபோம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்பதையும் சுரண்டுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள்.

பழையதைச் சுரண்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியும் மழுங்கிய கத்தியும் போதும். பேப்பர் கோனை நனைத்துவிடாதீர்கள்.

பசை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பேப்பர் கோனுக்கு வெள்ளை ஃபெவிக்கால்தான். மெதுவாகக் காயும், அந்த நேரம்தான் நமக்கு வேண்டும். ஒட்டியவுடன் இறுகிவிடும் ஃபெவிக்விக்கை இந்த வேலைக்குப் பக்கத்தில்கூட கொண்டுவரக் கூடாது. பிளாஸ்டிக் கோனில் ஃபெவிக்கால் பிடிக்காது, அதற்கென்று விற்கும் பசைதான் வாங்க வேண்டும்.

நடுவில் நிறுத்துவது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான். காயில் காந்தத்தின் வட்டப் பள்ளத்துக்குள் மயிரிழை இடைவெளியில் நிற்கிறது. வளையம் கொஞ்சம் ஒருபக்கம் இழுத்தாலும் காயில் சுவரில் உரசும், மறுபடி அதே கரகரப்பு.

அதனால் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் ஒட்டாதீர்கள். முதல் நாள் வளையத்தின் உள்விளிம்பைக் கோனோடு மட்டும் ஒட்டி இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் சட்டத்தில் பசை தடவி வெளிவிளிம்பை வைத்ததும், ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த சத்தத்தில் விடுங்கள். கோன் மேலும் கீழும் மெல்ல ஆடும். காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். “ர்ர்ர்” என்று உரசல் கேட்டால் விளிம்பை விரல் நுனியால் அரை மில்லிமீட்டர் நகர்த்துங்கள். ஒரு திசையில் நகர்த்தினால் உரசல் கூடும், எதிர்த்திசையில் குறையும். காற்று அசைவதைத் தவிர வேறு சத்தமே இல்லை என்ற இடம் வரும். அங்கே நிறுத்தி, துணி கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டுங்கள். பசை இறுகும்வரை அவ்வப்போது அதே ஒலியை விட்டுப் பாருங்கள், காயும்போதும் வளையம் இழுக்கும்.

இன்னொரு முறையும் உண்டு. நடுவிலுள்ள மூடியை வெட்டி எடுத்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டுகளை நாலு பக்கமும் செருகி நிறுத்துவது. நிச்சயமான முறைதான், ஆனால் மூடியை மறுபடி ஒட்ட வேண்டும், அந்தத் தழும்பு போகாது. முதல்முறை செய்பவருக்கு நான் 30 ஹெர்ட்ஸையே சொல்வேன்.

கப்பாசிட்டர்

பெட்டிக்குள் சின்ன போர்டில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் இத்தனை வருஷத்தில் காய்ந்திருக்கும். கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் மங்கலாகக் கேட்க இது ஒரு காரணம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதலான ஃபிலிம் கப்பாசிட்டர் போடுங்கள். இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள், ஒன்றில் மட்டும் வேண்டாம். பிளஸ், மைனஸ் போட்ட சாதாரணக் கப்பாசிட்டரை இங்கே போடவே கூடாது.

மாட்டி முடித்ததும் 1.5 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கறுப்பு முனையிலும் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் ஒரு நொடி தொடுங்கள். பெரிய கோன் இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் அசைய வேண்டும். மாறினால் இரண்டும் சேர்ந்து பாடும்போது பேஸ் காணாமல் போய்விடும்.

கேட்டுப் பார்க்க நான் போடுவது வில்லுப்பாட்டு. குடத்தின் அடி பெரிய கோனையும், வில்லில் கட்டிய மணிகள் ட்வீட்டரையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், புது ஃபோம் இளக நாளாகும்.

பின்சேர்க்கை

2023 டிசம்பர் வெள்ளத்தில் பெட்டி நனைந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மரத்தூள் பலகை நீரில் ஊதினால் பழைய நிலைக்கு வராது, அதோடு போராட வேண்டாம். அதே தடிமன் ப்ளைவுட்டில் தச்சரிடம் புதுப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். வெளியளவு முக்கியமில்லை. உள்ளளவும், காற்றுக் குழாய் இருந்தால் அதன் விட்டமும் நீளமும் பழையபடியே இருக்க வேண்டும், பேஸ் அதை நம்பித்தான் இருக்கிறது. ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் காந்தப் பள்ளத்தில் வண்டலோ துருவோ இருக்கிறதா பாருங்கள். கோனை நடு மூடிக்கு இரு பக்கமும் இரு கையால் சமமாக அழுத்தினால் மண் அரைபடுவது விரலுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் மேலே சொன்ன ஃபோம் வேலையைத் தொடங்காதீர்கள், முதலில் மைக் செட் அண்ணாச்சியிடம் கொடுத்துப் பள்ளத்தைச் சுத்தம் செய்துவிடுங்கள்.