ஆற்றலுள்ள குழந்தையும் ஒரு துரத்தலும்: கொழும்பில் அறிவியல் புனைவுக் குறும்படம் எழுதும் முறை

அபூர்வ ஆற்றல் கொண்ட ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு ஒருவர் ஓட, ஒரு கூட்டம் பின்னால் துரத்தும் கதையை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் துரத்தலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அந்தக் குழந்தையால் என்ன முடியும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆற்றலின் விதியை முதலில் எழுதி முடித்துவிட்டால், எந்தத் தெருவால் ஓடுவது, எங்கே பதுங்குவது, எந்த இடத்தில் அகப்படுவது என்பவற்றையெல்லாம் அந்த விதியே தீர்மானித்துத் தரும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தை உடம்பால் உணரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இது முழுக்கக் கற்பனையும் அன்று: சுறாவும் திருக்கையும் மிக நுண்ணிய மின்புலத்தை உணர்ந்து இரை தேடுகின்றன. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அவற்றுக்கு அது இயலுகிறது. காற்றில் அவ்வளவு எளிதன்று. ஆகவே, உலர்ந்த நாளில் அவளுக்கு மங்கலாகவே தெரியும், மழையில் நனைந்தால் உணர்வு கூர்மையாகும், கூர்மையாகும் அளவுக்கு வலியும் ஏறும் என்று விதியை வகுக்கலாம். விலை கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் துரத்தலைக் கொன்றுவிடும். ஏனெனில் ஓடவேண்டிய தேவையே அதன்பின் இருக்காது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் கதையை வைத்தால் வானமே உங்கள் பக்கம் வேலை செய்யும்.

இனி நகரத்தின் வரைபடத்தை விரியுங்கள். காலி வீதி முழுவதும் கம்பிகளும் கடைப் பலகைகளின் விளக்குகளும் நிறைந்திருப்பதால் அவளால் அங்கே நடக்க இயலாது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எதிலேனும் ஓடினால் மெரின் டிரைவ் என்ற கடலோர வீதியும், அதற்கப்பால் தண்டவாளமும் கடலும் வந்துவிடுகின்றன. இலங்கையின் ரயில் பாதைகள் மின்மயமாக்கப்படாதவை; மேலே மின்கம்பி கிடையாது. எனவே அந்தக் கடலோரமே அவளுக்கு அமைதியான இடம். ஆனால் டீசல் எஞ்சின்கள் பலவற்றின் உள்ளே மின்சாரம் பிறப்பிக்கப்பட்டுத்தான் சக்கரங்கள் சுழல்கின்றன என்பதால், ரயில் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவள் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள். பதுங்குமிடத்துக்கும் ஒரு நேர அட்டவணை உண்டென்று பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டால், தூரத்து ஹோர்ன் சத்தம் ஒன்றே பதற்றத்துக்குப் போதும்.

காப்பாற்றுபவருக்குத் துப்பாக்கி வேண்டாம், தொழில் ஒன்று வேண்டும். வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்து ஓய்வுபெற்றவர் என்று வைத்துக்கொண்டால், எந்த ஒழுங்கை முட்டுச்சந்து, எந்தத் தொடர்மாடிக்குப் பின்கேற் உண்டு, ட்ரான்ஸ்போமர் எந்த மூலையில் நிற்கிறது என்பவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர்கள் பேசுவதும் சுருக்கமாக இருக்கட்டும்:

“மாமா, அந்தப் போஸ்ட் கத்துது.”

“தெரியும் பிள்ளை. மற்றப் பக்கத்தால வாங்கோ.”

சிறுமியின் ஆற்றலைப் பற்றி விளக்கவுரை தேவையில்லை. அவர் அதை நம்புகிறார் என்பதை இந்த இரண்டு வரிகளே சொல்லிவிடும்.

துரத்துபவர்களிடத்தில்தான் கொழும்பில் எழுதும் தமிழர் மிகவும் நிதானிக்க வேண்டும். ஆட்கடத்தலோடு பெயர் ஒட்டிப்போன வெள்ளை வான் வண்டியில் அவர்களை ஏற்றிவிட்டால், நம் பார்வையாளர் அந்தக் கணமே அறிவியல் புனைவை மறந்து உண்மையாகவே காணாமற்போனவர்களை நினைக்கத் தொடங்குவர். அந்த நினைவைச் சுமக்கக் கதை ஆயத்தமாக இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். வெறும் திகிலுக்காகத் தொடுவது எனக்கு உடன்பாடன்று. வலியைக் குறைக்க மருந்து வைத்திருக்கும் ஆய்வாளர் ஒருவர் துரத்தினால், சிறுமியே ஒரு கட்டத்தில் அவரிடம் போக விரும்பக்கூடும்; அப்போது மாமாவின் பிடிவாதமும் கேள்விக்குள்ளாகும். அத்துடன், “ஏன் 1929க்கு அழைக்கவில்லை?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அந்த எண்ணை மாமா அழைக்காததற்கு, அல்லது அழைத்தும் பயனில்லாததற்கு, முதல் பத்து நிமிடங்களுக்குள் ஒரு காரணம் வந்தாக வேண்டும். அவர் அவளுக்குச் சட்டப்படி உறவினர் அல்லர் என்பது நல்ல காரணம். விடுதியில் அடையாள அட்டையை நீட்டும் காட்சிக்கும் அதுவே உதவும்.

கணினி வரைகலைக்குப் பணமில்லையே என்று கவலைப்படாமல் ஒலியைப் பிடியுங்கள். நமது மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமரின் முனகலோ அதன் இருமடங்காகிய 100 ஹேர்ட்ஸில் ஒலிக்கும். பாதுகாப்பான தூரத்தில் நின்று அதைப் பதிவுசெய்து, சிறுமியின் முகம் திரையில் வரும்போதெல்லாம் அடியில் மெதுவாக ஓடவிட்டால், அது நிற்கும் கணத்தைப் பார்வையாளர் தம் உடம்பிலேயே உணர்வர். அதை எங்கே நிறுத்துவது? 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. உச்சக்காட்சியில் அப்படியொரு மின்வெட்டை வைத்தால், ஊரெல்லாம் சபித்துக்கொண்டிருக்கும் இருளில் அவள் ஒருத்தி மட்டும் நிம்மதியாக உறங்குவாள். பின்னர் பக்கத்துக் கட்டடங்களின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கும்.

படப்பிடிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். தண்டவாளத்தில் குழந்தையை ஓடவிடாதீர்கள். மெரின் டிரைவ் ஓரத்தில் அவளை ஓடவிட்டு, தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் எடுத்தால், பின்னால் வரும் ரயில் அவளைத் தொட்டுவிடும்போலத் தெரியும். ரயில் நிலையத்துக்குள் எடுப்பதானால் ரயில்வே திணைக்களத்தின் அனுமதியும், ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் முற்கூட்டியே பெறப்பட வேண்டும். கொழும்பில் ஆண்டு முழுவதும் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். அந்திவெளிச்சம் அதன்பின் வெகுநேரம் நிற்காது. ஆகவே கடற்கரைக் காட்சிகளின் ஒத்திகையை நான்கு மணிக்கே முடித்து, குழந்தைக்கு ஏதேனும் சாப்பிடக் கொடுத்து, பெற்றோரில் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு ஆயத்தமாக இருங்கள்.