துருவை வரைய வேண்டாம், பிடிக்க விடுங்கள்

கோவைக்காரர்களுக்கு மில் என்றதும் நினைவுக்கு வருவது ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகும் அந்தக் கூரைதான். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாகப் பல மில்கள் முளைத்தன. அந்தக் கூரையில் கண்ணாடிப் பக்கம் வடக்கே பார்த்திருக்கும், நேர் வெயில் உள்ளே விழாமல் நாள் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் வரவேண்டும் என்பதற்காக. அந்த மில்லை வைத்து ஒரு பலகையில் ஒட்டியும் பூசியும் ஒரு படம் செய்யப் போகிறோம், ஆனால் மில்லை அப்படியே வரையப் போவதில்லை. சாய்கோடு, பஞ்சுத் தூசி, துரு, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் பலகை. 12-க்கு 16 அங்குலத்தில் ப்ளைவுட் துண்டு வாங்கி, முன்னும் பின்னும் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) அடியுங்கள். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டால் ஈரம் பட்டதும் பலகை வளைந்துவிடும்.

அடுத்து கூரை. அட்டைப்பெட்டியின் மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே தகரம் போல நெளிநெளியாக இருக்கும். முழுக்க உரிக்காமல் அங்கங்கே பிசிறு விடுங்கள், அதுதான் அழகு. மூன்று நான்கு பட்டைகளைச் சாய்வாக ஃபெவிகால் போட்டு ஒட்டி, பஞ்சுத் தூசிக்காகக் கீழ் மூலையில் கொஞ்சம் பேண்டேஜ் துணியையும் பிய்த்து ஒட்டி, இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

காய்ந்ததும் சாம்பல் நிற அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டுக் கரைத்து எல்லாவற்றின் மேலும் பூசி, ஈரம் காயும் முன் பழைய துணியால் துடையுங்கள். பள்ளத்தில் அழுக்கு தங்கும், மேடு வெளுத்துவிடும். வெள்ளையை மட்டும் ஒரு பழைய ஏ.டி.எம். கார்டால் கூரைக்கு நடுவே ஒரே இழுப்பாக இழுங்கள். அதுதான் வடக்கு வெளிச்சம், திரும்பத் திரும்ப இழுத்தால் செத்துவிடும்.

இப்போது துரு. பழுப்பு வண்ணம் வாங்கித் துரு மாதிரி தீட்டலாம்தான், ஆனால் எனக்கு அது எப்போதும் சாக்லேட் கொட்டிய மாதிரியே தெரிகிறது. நிஜத் துருவே வரட்டும். முதல் தடவை நான் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் கம்பியை வெட்டி ஒட்டிவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன், அது பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயரிலேயே இருக்கிறதே! லேத் பட்டறையில் ரம்பத்தடியில் விழும் இரும்புத் தூளைக் கேட்டு வாங்குங்கள். காந்தம் வைத்து எடுத்தால் பித்தளை, அலுமினியத் துகள் எல்லாம் தனியே நின்றுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துரு பிடிக்காது, சோப்புத் தண்ணீரில் அலசி உடனே வெயிலில் உலர்த்துங்கள்.

தூளை அக்ரிலிக் மேட் மீடியத்தில் (நிறமில்லாத, பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) கெட்டியாகக் குழைத்து, தண்ணீர் வழிந்திருக்கக்கூடிய இடங்களில் மட்டும் அப்புங்கள், அதாவது நெளிவின் அடியோரம், இரண்டு பட்டை சேரும் மூலை. இங்கே ஃபெவிகால் வேண்டாம், ஈரத்தில் ஊறி இளகிவிடும். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், அரை கப் வினிகரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கையுறை போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் வைத்துத் தெளியுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் ஓரத்தில் மஞ்சள் கசியும், விடிந்து பார்த்தால் செம்பழுப்பு. போதவில்லை என்றால் இன்னொரு தெளிப்பு.

நிறம் பிடித்துப்போனதும் ஈரத்துணியால் ஒற்றி உப்பை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மேட் வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். அடிக்காவிட்டால் துரு மெல்ல நகர்ந்து உங்கள் வெள்ளைக் கோட்டையும் தின்னும். என் இரண்டாவது படத்தில் அப்படித்தான் தின்றது. அதை மட்டும் நான் இன்னும் சுவரிலிருந்து கழற்றவில்லை.