நாய்க்கு மாஸ்ட் செல் கட்டி: சி-கிட் மரபணு அறிக்கையைப் படிக்கும் முறை

நாய்களின் தோலில் வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது மாஸ்ட் செல் (ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் நோயெதிர்ப்புச் செல்) கட்டி. சில சமயம் கொழுப்புக் கட்டி போல மெத்தென்று இருக்கும், சில சமயம் சிவந்து முடி உதிர்ந்து தெரியும். கையால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்ய வழியே இல்லை. அதை அழுத்தித் தேய்க்கவும் கூடாது. அந்தச் செல்களில் உள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியேறி அந்த இடம் வீங்கும், நாய் வாந்தியும் எடுக்கலாம்.

முதலில் ஊசிச் சோதனை. 22 கேஜ் ஊசியால் செல்களை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். விரைவுச் சாயத்தில் மாஸ்ட் செல்லுக்குள் இருக்கும் துகள்கள் நிறம் பிடிக்காமல் போவதுண்டு. சந்தேகமிருந்தால் ஜீம்சா சாயம் கேளுங்கள். பக்கத்து நிணநீர்க் கணு வீங்காமல் இருந்தாலும் அதிலிருந்தும் செல் எடுக்கச் சொல்லுங்கள்.

அறுத்தெடுத்த கட்டியைப் போல 10 மடங்கு அளவு 10% ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) வேண்டும். ஓரிரு நாளில் அந்தத் திசு மெழுகில் பதித்த கட்டையாகிவிட வேண்டும். வாரக்கணக்கில் ஃபார்மலினிலேயே கிடந்தால் டிஎன்ஏ சிதைந்து, பின்னால் செய்யும் பிசிஆர் (மரபணுச் சோதனை) தோற்றுப்போகும்.

பயாப்ஸி அறிக்கையில் முதலில் தேட வேண்டியது தரம். 2011-இல் வந்த இருநிலை முறைப்படி, நுண்ணோக்கியின் 10 புலங்களில் 7 அல்லது அதற்கு மேல் பிரியும் செல்கள், பல கருக்கள் (செல்லின் மையப் பகுதி) கொண்ட 3 செல்கள், 3 விகாரக் கருக்கள், அளவுமீறிப் பெருத்த கருக்கள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே உயர்தரம், அதாவது மோசமான வகை. அந்த முறையை முன்வைத்த ஆய்வில் உயர்தரக் கட்டி வந்த நாய்களின் இடைநிலை ஆயுள் 4 மாதத்துக்கும் குறைவு. தாழ்தரத்தில் 2 ஆண்டுக்கும் மேல். தோலுக்கு அடியில் மட்டும் வளர்ந்த கட்டிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

அடுத்தது சி-கிட். இந்த மரபணு உருவாக்கும் புரதம், வெளியிலிருந்து சைகை வந்தால்தான் செல்லை வளரச் சொல்லும். அந்த மரபணுவின் எக்ஸான் 11 என்ற துண்டில் ஒரு பகுதி இரட்டித்துவிட்டால் சைகையே இல்லாமல் ஓயாமல் வளரச் சொல்லிக்கொண்டிருக்கும். இத்தகைய கட்டிகள் திரும்ப வருவதும் பரவுவதும் அதிகம். எக்ஸான் 8 மாற்றம் அப்படியல்ல. அது பெரும்பாலும் தாழ்தரக் கட்டிகளில் தென்படுகிறது. ஆகவே ‘மாற்றம் உள்ளது’ என்ற ஒற்றை வரியோடு நிற்காதீர்கள், எந்த எக்ஸான் என்று கேளுங்கள்.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: ‘மாற்றம் இல்லை’ என்று வந்தால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. உயர்தரக் கட்டிகள் பலவற்றில் இந்த மாற்றம் இருப்பதில்லை. அப்போது தரத்தையே நம்பிச் சிகிச்சை தர வேண்டும். சி-கிட் உருவாக்கும் கிட் புரதத்தின் சாய முறை 1, 2, 3 என்று அறிக்கையில் இருப்பதும் மரபணுச் சோதனை அல்ல. புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும்.

தாழ்தரம், அறுத்த விளிம்புகளில் கட்டிச் செல்கள் இல்லை, கணுவிலும் எதுவுமில்லை என்றால் மரபணுச் சோதனைக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் குறைவு. உயர்தரம், திரும்ப வந்த கட்டி, அறுக்க முடியாத இடம் என்றால் தயங்காமல் செய்யுங்கள். எக்ஸான் 11 மாற்றமுள்ள கட்டிகள் டோசெரானிப் மாத்திரைக்குக் கூடுதலாகச் சுருங்குகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் தரும் மருந்து அது. கறுத்த மலமோ விடாத வயிற்றுப்போக்கோ கண்டால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.