டின்பால் டின்ல சூட்டுக்காத்து எஞ்சின்: மலைநாட்டு வீட்டுல செய்ற முறை

ஸ்டெர்லிங் எஞ்சின்ல நீராவியும் இல்ல பெட்ரோலும் இல்ல, வெடிக்கிறதுக்கு பொய்லரும் இல்ல. டின்னுக்குள்ள அடைபட்ட காத்து சூடானா விரியுது, குளிர்ந்தா சுருங்குது, அந்தப் பலத்துலதான் சக்கரம் சுத்துது. 1816ல ரொபர்ட் ஸ்டெர்லிங்ன்னு ஸ்கொட்லாந்து பாதிரியார் ஒருத்தர் இதுக்கு பேட்டன்ட் எடுத்தார், 1818ல அவரோட எஞ்சின் ஒண்ணு அயர்ஷயர் பக்கம் ஒரு கல்குவாரில தண்ணி இறைச்சுது. அதையே நம்ம சமையக்கட்டுல கெடைக்கிற சாமானை வச்சு செஞ்சுடலாம், நெசமாவே ஓடும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். ஓடலைன்னா எல்லாரும் நெருப்பைத்தான் கூட்டுறாங்க, கூட்டாதீங்க. ஓடாததுக்கு காரணம் பெரும்பாலும் உரசல், இல்லாட்டி லீக். இந்த ரெண்டையும் எடுத்துட்டா சின்ன சுவாலையே போதும். ஏன்னா இந்த எஞ்சினுக்கு வேண்டியது வெறும் சூடு இல்ல, சூட்டுக்கும் குளிருக்கும் நடுவுல உள்ள வித்தியாசம், அந்தக் குளிர் நம்ம பக்கம் காசில்லாம கெடைக்குது. நுவரெலியா கிட்டத்தட்ட 1868 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கடற்கரையில உள்ளதுல ஏறக்குறைய 80 வீதம்தான், அதனால டின்னுக்குள்ள காத்து கொஞ்சம் கொறைவா இருக்கும், பலமும் அந்தளவுக்கு கொறையும். ஆனா பீலித் தண்ணிய புடிச்சு குளிர் பக்கத்துல ஊத்தினா கொழும்புல இருக்கிறவங்களுக்கு கெடைக்காத குளிர் நமக்கு கெடைக்கும், இழந்ததுல ஒரு பங்கு அதுலயே திரும்பி வந்துரும்.

வேண்டிய சாமான்: டின்பால் டின் ஒண்ணு, அதை விட அகலமான பால்மா டின் ஒண்ணு, பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் வூல், 2 மிமீ சைக்கிள் ஸ்போக் கம்பி, பழைய ரேடியோ ஏரியல், 32 மிமீ பிவிசி சொக்கெட், அதாவது ரெண்டு பைப்பை நேரா இணைக்கிற துண்டு (கடையில ஒரு இஞ்சி சொக்கெட்ன்னு கேளுங்க), ரப்பர் கையுறை, பழைய சிடி மூணு, அரல்டைட், வயர் ஜொயின்ட் பண்ற கனெக்டர், தங்கூசி. ஹட்டன், பண்டாரவளை மாதிரி டவுன்ல ஒரு ஹார்ட்வெயார், ஒரு பார்மசி, ஒரு சைக்கிள் கடை ஏறி எறங்கினா எல்லாம் முடிஞ்சுது. தேயில பெக்டரில வேலை செய்ற பிட்டர் யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, ஷாஃப்ட், பெயாரிங் எல்லாம் அவங்க கையிலயே பழகினது, ஒரு கம்பிய பாத்ததும் நேரா இருக்கா வளைஞ்சிருக்கான்னு சொல்லிடுவாங்க.

டின்பால் டின்னோட மேல்மூடிய முழுசா வெட்டி எடுத்துட்டு கழுவி காய வைங்க. அடிப்பக்கம் பெக்டரியில மடிச்சு அடைச்சது, அதை தொடாதீங்க, அதுதான் சூட்டுப் பக்கம். பால்மா டின்னோட அடியில டின்பால் டின் சரியா நுழையுற அளவுக்கு ஓட்டை வெட்டி, டின்பால் டின்னோட கீழ் மூணுல ஒரு பங்கு வெளிய தெரியிற மாதிரி நுழைச்சு, சுத்தி அரல்டைட் போட்டு ஒரு நாள் அப்பிடியே விடுங்க. இதுதான் தண்ணித் தொட்டி. தண்ணி இல்லாம நெருப்பு காட்டினா அரல்டைட் இளகிடும், அதை மறக்காதீங்க.

அடுத்தது டிஸ்பிளேசர், எஞ்சினோட உயிரே இதுலதான் இருக்கு. இது பிஸ்டன் இல்ல, எதையும் அடைக்கிறதும் இல்ல, உள்ள இருக்கிற காத்தை கீழ சூட்டுப் பக்கம் ஒரு தரம் மேல குளிர் பக்கம் ஒரு தரம் தள்ளி விடுறதுதான் இதோட வேலை. ஸ்டீல் வூலை ஸ்போக் கம்பியில இறுக்கமா உருட்டி உருளையா ஆக்குங்க, டின் சுவருக்கும் இதுக்கும் நடுவுல சுத்திவர ஒண்ணு ஒன்றரை மிமீ இடைவெளி இருக்கணும். உயரத்துக்கு கணக்கு இருக்கு, டின்னோட உள் உயரத்துல டிஸ்பிளேசர் ஏறி எறங்குற தூரம் 20 மிமீயையும் மேல கீழ முட்டாம இருக்க ஒரு 4 மிமீயையும் கழிங்க, மிச்சம்தான் உயரம். உருட்டினதும் டின்னுக்குள்ள விட்டு கம்பிய புடிச்சு மெதுவா சுத்திப் பாருங்க, ஏதாவது ஒரு நார் சுவர்ல கீறுற சத்தம் காதுக்கு கேட்டாலே அது வேண்டாம், கத்திரிக்கோலால வெட்டி விடுங்க, ஒரு சத்தமும் வராத வரைக்கும் இதையே செய்ங்க. ஸ்டீல் வூல்ல இன்னொரு லாபமும் இருக்கு. சூட்டுப் பக்கத்துல இருந்து காத்து மேல போறப்போ கம்பி நார் சூட்டை புடிச்சு வச்சுக்கிட்டு, காத்து திரும்பி வர்றப்போ அதை குடுக்கும். ஸ்டெர்லிங் அந்தக் காலத்துலயே கண்டுபுடிச்ச ரீஜெனரேட்டர் வேலை அதுதான்.

மேல் மூடிக்கு இன்னொரு டின் தகட்டை வட்டமா வெட்டுங்க. நடுவுல ஏரியலோட மெல்லிசான குழாய்த் துண்டு 25 மிமீ நீளத்துக்கு நட்டமா நிக்கணும், அதுக்குள்ள ஸ்போக் கம்பி வழுக்கிக்கிட்டு போகணும், ஆனா ஆடக்கூடாது, அதனால ஏரியலோட எல்லாக் குழாயையும் போட்டுப் பாத்து பொருந்துறதை எடுங்க. எண்ணெய் போடாதீங்க, எண்ணெய் பிசுக்குல இவ்வளவு சின்ன எஞ்சின் நின்னுரும், 2பி பென்சில் கரிய கம்பியில தேய்ச்சா போதும். மூடியில ஓரமா ஒரு ஓட்டை போட்டு அதுல சொக்கெட்டை நட்டமா ஒட்டி, அதோட வாய் மேல பாக்கட்டும். அந்த வாயில கையுறை ரப்பரை போட்டு தங்கூசியால கட்டுங்க. இழுத்துக் கட்டக்கூடாது, தொய்வா இருக்கணும், விரலால தொட்டா 4, 5 மிமீ மேலயும் கீழயும் லேசா போய் வரணும். நடுவுல போத்தல் மூடி ஒண்ணை ஒட்டுங்க. பலூனும் சரி வரும், ஆனா சீக்கிரம் காஞ்சு வெடிச்சுப் போகுது, கையுறைதான் நல்லது. டிஸ்பிளேசரை டின்னுக்குள்ள விட்டு, அதோட கம்பிய மூடிக் குழாய் வழியா வெளிய எடுத்து, மூடிய டின் வாயில காத்து போகாம அரல்டைட்டால ஒட்டுங்க.

கிரேங்க் ஷாஃப்டும், அதாவது மேல கீழ போறதை சுத்தா மாத்துற வளைஞ்ச கம்பியும், ஸ்போக் கம்பிதான். டிஸ்பிளேசருக்கு 10 மிமீ வளைவு, ரப்பருக்கு 4 மிமீ வளைவு. ஷாஃப்டை முனையில இருந்து பாத்தா ரெண்டு வளைவும் ஒண்ணுக்கொண்ணு 90 பாகையில நிக்கணும், சுத்துற பக்கத்துக்கு டிஸ்பிளேசர்தான் கால் சுத்து முன்னால போகணும். இதை மாத்தி வச்சா எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்தும், நீங்க மல்லுக்கட்டி இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு இருப்பீங்க. பேப்பர்ல அளவா கீறி அதுமேல வச்சு ரெண்டு குறட்டால வளைங்க. ஷாஃப்டை தாங்குறதுக்கு ரெண்டு தகட்டுத் தூண், அதுலயும் ஏரியல் குழாய்த் துண்டு. டிஸ்பிளேசர்ல இருந்தும் ரப்பர் மேல உள்ள போத்தல் மூடியில இருந்தும் வளைவுக்கு வர்ற கம்பிகளை புடிக்கிறதுக்கு கனெக்டருக்குள்ள இருக்கிற ஸ்க்ரூ வச்ச பித்தளைத் துண்டு மாதிரி வசதி வேற ஒண்ணுலயும் இல்ல, தளர்த்தி நகர்த்தி திரும்ப இறுக்கலாம். கடைசில சிடி மூணையும் ஒட்டி சக்கரமா மாட்டி, டிஸ்பிளேசரோட பாரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு நட் ஒட்டுங்க, எந்த எடத்துல விட்டாலும் அந்த எடத்துலயே நிக்கிற வரைக்கும் நட்டை மாத்தி மாத்தி பாருங்க.

இப்ப சோதனை, அவசரப்பட்டு நேரா நெருப்பு வைக்காதீங்க. ரப்பரை கழட்டி வச்சுட்டு சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டுங்க, சத்தமில்லாம பல சுத்து போய்தான் நிக்கணும், டக்குன்னு நின்னா எங்கயோ உரசுது, முதல்ல அதை தேடுங்க. அடுத்து தொட்டியில தண்ணி ஊத்தி, ரப்பரை கட்டி ஆனா கிரேங்க்ல மாட்டாம, அடியில ரெண்டு மூணு நிமிஷம் சூடு காட்டி டிஸ்பிளேசரை கையால தூக்குங்க. ரப்பர் பொம்முன்னு எழும்பணும், எறக்கினா உள்ள வாங்கணும். தூக்கிப் புடிச்சிருக்கிறப்பவே ரப்பர் தானா தணிஞ்சு போச்சுன்னா லீக். நெருப்பை அணைச்சு ஆற விட்டு எல்லா ஒட்டு மேலயும் சவர்க்காரத் தண்ணி தடவிட்டு ரப்பரை மெதுவா அமுக்குங்க, குமிழி எங்க வருதோ அங்கதான் ஓட்டை. இந்த ரெண்டு சோதனையும் தேறின எஞ்சின் ஓடாம இருந்து நான் பாத்ததில்ல.

நெருப்புக்கு மண்ணெண்ணெய் குப்பி லாம்பு வேண்டாம், கரி அப்பிடும், ஸ்பிரிட் லாம்பு இல்லாட்டி மெழுகுதிரி. ஸ்பிரிட் சுவாலை பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது, அதனால எரியிற லாம்புல, சூடா இருக்கிற லாம்புல ஸ்பிரிட் ஊத்தவே ஊத்தாதீங்க, போத்தலை தூரமா வைங்க. லயத்து வீட்டுக்குள்ள பாய் துணி எல்லாம் கிட்ட கிட்ட இருக்கும், முத்தத்துல ஒரு தகடு மேல வச்சு ஓட்டுங்க, நம்ம மலைக்காத்துக்கு மூணு பக்கமும் செங்கல் மறைப்பு வேணும். சின்னப்புள்ளைங்க பக்கத்துல இருந்தா டின்னு எவ்வளவு சூடுன்னு முன்னாடியே சொல்லி வைங்க. புது டின் முதல் தரம் சூடாகிறப்போ உள் பூச்சு கருகி நாறும், அதுவும் வெளியவே நடக்கட்டும்.

சூடு ஏறினதும் சக்கரத்தை சரியான பக்கம் சுண்டி விடுங்க, ஒரு ரெண்டு தரம் தயங்கி பிறகு தானா புடிச்சுக்கும். கொஞ்ச நேரத்துல வேகம் கொறைஞ்சா தண்ணி சூடாயிருச்சுன்னு அர்த்தம், மாத்துங்க. இதுல பல்ப் எரிக்கலாம்னு நெனைக்காதீங்க, ஒரு வாட் கூட வராது.

இது ஓடிட்டா அடுத்தது தேத்தண்ணி கோப்பை மேல ஓடுற எஞ்சின். 1983ல சாக்ரெப் பேராசிரியர் ஈவோ கோலின் கொதிதண்ணி சூட்டுலயே ஓடுற எஞ்சினை காட்டினார், பிறகு அமெரிக்காவுல ஜேம்ஸ் சென்ஃப்ட் அதை இன்னும் கொறைஞ்ச வித்தியாசத்துல ஓட வச்சார். அதுக்கு ரெண்டு அலுமினியத் தட்டு, நடுவுல ரெஜிஃபோம் டிஸ்பிளேசர், உரசல் ரொம்பக் கொறைஞ்ச பிஸ்டன். நுவரெலியாவுல தண்ணி 94 பாகைக்கு கிட்டவே கொதிச்சுரும், ஆனா காலைல வெளிக்காத்து 15ன்னா வித்தியாசம் 79. கொழும்புல 100ல கொதிச்சாலும் காத்து 30, வித்தியாசம் 70தான். விடியக்காலையில தேத்தண்ணி ஊத்தினதும் அதுமேல வச்சுப் பாருங்க, நம்ம ஊருக்குன்னே செஞ்ச எஞ்சின் அது.

பராமரிப்பு பெருசா ஒண்ணுமில்ல. ஓட்டி முடிஞ்சு ஆறினதும் தொட்டித் தண்ணிய ஊத்திட்டு துணியால தொடைங்க, மழைக்கால ஈரத்துல டின் சீக்கிரம் துரு புடிக்கும். ரப்பர் வெளுத்து ஒட்டுற மாதிரி ஆனா மாத்துங்க, கம்பியில பென்சில் கரி அப்பப்போ.