மஞ்சள் கொடி விழுந்ததும் கத்துவதற்கு முன்

அமெரிக்க ஃபுட்பாலில் க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேல் யாரோ விழுந்து, குற்றம் என்று நடுவரின் கொடி பறந்து, எதிரணிக்கு 15 யார்டும் புது ஃபர்ஸ்ட் டவுனும் (பந்தை முன்னேற்ற மறுபடி புது வாய்ப்புகள்) சும்மா கிடைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அது அநியாயமா இல்லையா என்று பார்க்க ஸ்லோமோஷன் உதவாது, மெதுவாக ஓட்டினால் அவரை வீழ்த்த வரும் டிஃபெண்டருக்கு யோசிக்க அரை நாள் இருந்த மாதிரி தெரியும். ரீப்ளேயை முதலில் நிஜ வேகத்தில் பாருங்கள். பந்தைக் கவனிக்காதீர்கள், பாய்ந்து வரும் டிஃபெண்டரின் காலைக் கவனியுங்கள்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் விதிப்படி பந்து க்வார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போன பிறகு டிஃபெண்டருக்கு ஓர் அடி எடுத்துவைக்க அனுமதி உண்டு, இரண்டாவது அடி தரையில் படுவதற்குள் மோதிவிட்டால் அதைத் தாமதம் என்று சொல்ல முடியாது. அப்புறம் எங்கே பட்டது என்று பாருங்கள். தலை, கழுத்து என்றால் பேச்சே இல்லை. முழங்காலும் அப்படித்தான்: 2006 ஜனவரி பிளேஆஃபில் (சீசன் முடிவு நாக்-அவுட் சுற்று) க்வார்ட்டர்பேக் கார்சன் பாமரின் முழங்கால் போனது, 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே டாம் பிரேடியின் முழங்கால் போய் அந்த வருஷமே அவருக்கு முடிந்தது, இரண்டுக்கும் பின்னால் விதி இறுகியது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் உடல் எடை விஷயத்தில்தான். 2017 அக்டோபரில் க்வார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் மேல் டிஃபெண்டர் ஒருவர் விழுந்து காறை எலும்பு முறிந்தது. 2018இல், முழு எடையையும் க்வார்ட்டர்பேக் மேல் போட்டு விழக்கூடாது என்பதைக் கறாராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த சீசனின் ஆரம்ப வாரங்களில் அதில் அடிக்கடி மாட்டியவர் ராட்ஜர்ஸின் சொந்த அணி டிஃபெண்டரான கிளே மேத்யூஸ்.

இந்த மாதிரிக் கொடியை எடைபோட 2022 அக்டோபர் 10 ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். டிஃபெண்டர் கிறிஸ் ஜோன்ஸ் பின்னாலிருந்து வந்து க்வார்ட்டர்பேக் டெரெக் காரின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கிவிட்டார். விழும்போது பந்து ஒரு கையில், இன்னொரு கையைத் தரையில் ஊன்றப் பார்க்கிறார். அப்படியும் கொடி! அத்தனை பெரிய ஆள் ஓடி வந்த வேகத்தில் அந்தரத்தில் உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் திட்டும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், தப்பு நடுவருடையதா, விதியுடையதா? சந்தேகம் இருந்தால் கொடியைப் போடு என்று விதிப்புத்தகமே நடுவருக்குச் சொல்கிறது. அப்படியிருக்க, பாதிக் கேஸில் அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

க்வார்ட்டர்பேக் எங்கே இருந்தார் என்பதையும் விடாதீர்கள். பாக்கெட்டை (சொந்த அணியினர் அவரைச் சுற்றி அரண் கட்டும் இடம்) விட்டு வெளியே ஓடிக்கொண்டே எறிந்தால் அவருக்கு அந்த ஓரடிப் பாதுகாப்பும் முழங்கால் பாதுகாப்பும் போய்விடும், மற்றவை இருக்கும். பந்தோடு முன்னேற ஓடினால் அவரும் மற்ற ஓட்டக்காரர்களைப் போலத்தான்.

சாதாரண ஓட்டக்காரருக்கு இவ்வளவு காவல் கிடையாது. 2024இல் தடை செய்த ஹிப்-டிராப் டேக்கிளில் (ஓட்டக்காரரைப் பிடித்து வீழ்த்தும் ஒரு முறை) மூன்றையும் தேடுங்கள்: கையால் பிடிப்பது, இடுப்பைத் திருப்பி உடம்பைத் தொங்கப் போடுவது, ஓட்டக்காரரின் கால்மேல் விழுந்து அதைச் சிக்க வைப்பது. ஒன்று குறைந்தாலும் குற்றமில்லை. பின்னாலிருந்து இழுத்துப் போட்டதையெல்லாம் ஹிப்-டிராப் என்று கூவுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஸ்லைடு. பந்தோடு ஓடுபவர் கால் முன்னே நீட்டிச் சறுக்க ஆரம்பித்ததும் டிஃபெண்டர் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஏற்கெனவே பாய்ந்துவிட்டவர் தவிர்க்க முடியாமல் மோதினால் குற்றமில்லை, தலையையோ கழுத்தையோ பலமாக இடிக்காதவரை. ஆகவே சறுக்கல் எப்போது தொடங்கியது என்பதுதான் கேள்வி, அங்கே மட்டும் படத்தை நிறுத்திப் பார்க்கலாம். 2025 ஜனவரி பிளேஆஃபில் க்வார்ட்டர்பேக் மஹோம்ஸ் கடைசி நொடியில் சறுக்க, ஹூஸ்டன் ஆட்கள் இருவர் பெரும்பாலும் ஒருவரோடொருவர்தான் மோதிக்கொண்டார்கள். கொடி விழுந்தது. வர்ணனையில் இருந்த டிராய் எய்க்மனே பொறுக்க முடியாமல் பேசினார், அவரும் ஒரு காலத்தில் க்வார்ட்டர்பேக்தான்.